செப்புத் தகட்டில் பெண்: றெம்பிராண்டின் அச்சுப்படங்களும் ஒழுக்கவாதிகளின் தீர்ப்பும்

எமது தீவில் பிறந்த பெண் யானையொன்று உலகப் புகழ்பெற்ற ஓவியர் ஒருவரின் ஏதேன் தோட்டத்தில் நிற்கிறது என்று சொன்னால் வாசகர்கள் என்னைச் சற்றுச் சந்தேகத்துடன் பார்க்கக்கூடும். ஆனால் அது உண்மை. 1630ஆம் ஆண்டளவில் இலங்கையில் பிறந்த ஹன்ஸ்கன் என்ற அந்த யானை ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் கப்பலில் ஏற்றப்பட்டு 1633இல் அம்ஸ்டர்டாமில் இறக்கப்பட்டது. பின்னர் ஐரோப்பிய நகரங்களில் வித்தை காட்டித் திரிந்தது. 1637இல் அதனை நேரில் கண்டு கறுப்புச் சுண்ணக்கட்டியால் வரைந்த றெம்பிராண்ட், அடுத்த ஆண்டு 'ஆதாமும் ஏவாளும்' என்ற செப்புத்தகட்டுப் படத்தைச் செய்தபோது, பின்னணியில் வெயில் காயும் வெளியில் அந்த யானையையும் சிறிதாகப் பொறித்துவிட்டார்.

அந்தப் படத்தின் முன்னால் சில ஆண்டுகளுக்கு முன்னர் நான் நின்றேன். அம்ஸ்டர்டாமில் 1639 முதல் 1658 வரை றெம்பிராண்ட் வாழ்ந்த வீடு இன்று அருங்காட்சியகமாக இருக்கிறது. அங்கு என்னை அழைத்துச் சென்றவர்கள் புலம்பெயர்ந்து நீண்டகாலமாக அந்த நாட்டில் வாழும் என் நண்பரும் அவரது மனைவியும். நான் யானையைத் தேடிக்கொண்டிருந்தேன். நண்பரின் மனைவியோ ஏவாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிறிது நேரத்தின் பின் அவர் கேட்டார்: "அண்ணை, உலகத்தில முதல் பொம்பிளை எண்டு சொல்லுறாங்கள். அவவை ஏன் இப்பிடிக் களைச்சுப்போன ஆளாக் கீறி வைச்சிருக்கிறார்?"

அந்தக் கேள்வி 380 ஆண்டுகளுக்கும் மேலாகக் கேட்கப்பட்டுவரும் ஒரு கேள்வி என்பதை அப்போது நான் அறிந்திருக்கவில்லை. நாடு திரும்பிய பிறகு வாசிக்கத் தொடங்கினேன். வாசிக்க வாசிக்க, என் சொந்தத் தொழில் வாழ்க்கையின் ஒரு சம்பவம் மீண்டும் மீண்டும் நினைவுக்கு வந்தது. அதனைக் கட்டுரையின் பிற்பகுதியில் சொல்கிறேன்.

தகடும் அச்சும்

முதலில் இந்தக் கலையின் தொழில்நுட்பத்தைச் சுருக்கமாகக் கூறவேண்டும். செப்புத் தகடொன்றின்மீது மெழுகும் பிசினும் கலந்த பூச்சொன்று பூசப்படுகிறது. ஓவியர் கூரிய ஊசியால் அந்தப் பூச்சைக் கீறி வரைகிறார். பிறகு தகடு அமிலத்தில் இடப்படுகிறது. பூச்சு நீங்கிய கோடுகளை மாத்திரம் அமிலம் அரிக்கிறது. அரித்த பள்ளங்களில் மை நிரப்பி, மேற்பரப்பைத் துடைத்து, ஈரக் காகிதத்தை வைத்து உருளை அழுத்தியினூடாகச் செலுத்தினால் படம் பதிகிறது. செப்பை உளியால் நேரடியாகச் செதுக்கும் முறை இதனினும் பழையது, கடினமானது. ஊசியும் அமிலமுமோ கையெழுத்தைப் போன்ற சுதந்திரத்தை ஓவியருக்குத் தந்தன. றெம்பிராண்ட் இம்முறையில் ஏறத்தாழ 300 படங்களைச் செய்தார்.

பத்திரிகைத் தொழிலின் பழைய தலைமுறையினருக்கு இது அந்நியமான விடயமன்று. நான் தொழிலில் சேர்ந்த நாட்களில் ஈய எழுத்துக்களும் துத்தநாக 'புளொக்'குகளும் விடைபெற்றுவிட்டிருந்தன. ஆயினும் அச்சுக்கூடத்தின் மூலையில் ஒரு பெட்டி நிறையப் பழைய புளொக்குகள் கிடந்தன. ஓய்வுபெறும் வயதை அடைந்திருந்த அச்சுக்கோப்பாளர் ஒருவர் அவற்றில் ஒன்றைத் துடைத்துக் காட்டி, அமிலம் தின்று மிச்சம் விட்டதுதான் முகம் என்று விளங்கப்படுத்தினார். அங்கு அரிக்கப்படாத மேடு மையை ஏந்தும். செப்புப்படத்தில் அரிக்கப்பட்ட பள்ளம் மையை ஏந்தும். வேறுபாடு அவ்வளவே.

ஓவியத்துக்கும் அச்சுப்படத்துக்கும் இடையே ஒழுக்கவாதிகள் கண்ட வேறுபாடு முக்கியமானது. ஓவியம் ஒரு செல்வந்தரின் சுவரில் தொங்குகிறது. அச்சுப்படம் நூற்றுக்கணக்கான பிரதிகளாகக் கடைக்கும் சந்தைக்கும் மாணவனின் சட்டைப்பைக்கும் போய்ச் சேர்கிறது. 1524இல் றோமில் மார்க்கந்தோனியோ றைமொண்டி என்ற செதுக்குநர், காதல் கலவிக் காட்சிகளை அச்சிட்டதற்காகப் பாப்பரசர் ஏழாம் கிளமென்ற்றின் கட்டளையால் சிறையிடப்பட்டார். அந்தப் படங்களுக்கு மூல வரைபுகளைத் தந்த ஜூலியோ றொமானோ அப்போது மாந்துவா நகருக்குப் போய்விட்டிருந்தார். அவருக்கு ஒன்றும் நேரவில்லை. 1563இல் திரெந்து பொதுச்சங்கம் தனது இறுதி அமர்வில், திருவுருவங்களில் காமத்தைத் தூண்டும் அழகு தவிர்க்கப்பட வேண்டும் என்று ஆணையிட்டது. பறோக் காலக் கலை இந்த ஆணையின் நிழலில்தான் வளர்ந்தது.

நல்லவளும் கெட்டவளும்

ஒல்லாந்தில் பாப்பரசரின் ஆணை செல்லாது. அது சீர்திருத்தத் திருச்சபையின் நாடு. ஆனால் அங்கும் பெண்ணுக்கு வரைபடமொன்று தயாராக இருந்தது. 1625இல் யாக்கொப் கற்ஸ் என்ற கவிஞர் 'திருமணம்' என்ற பெயரில் பெரும் நூலொன்றை வெளியிட்டார். கன்னி, காதலி, மணமகள், மனைவி, தாய், விதவை என்று பெண்ணின் வாழ்வை ஆறு பருவங்களாக வகுத்து ஒவ்வொன்றுக்கும் உரிய நடத்தையை அது போதித்தது. ஆட்ரியான் வான் டெ வென்ன வரைந்த படங்கள் செப்பில் செதுக்கப்பட்டு நூலை அலங்கரித்தன. வேதாகமத்துக்கு அடுத்தபடியாகக் கற்ஸின் நூல்களே ஒல்லாந்த வீடுகளில் இருந்தன என்று வரலாற்றாசிரியர்கள் சொல்வதுண்டு. எமது பாட்டிமார் வாயால் சொன்ன புத்திமதிகளை அங்கே படத்துடன் அச்சிட்டு விற்றார்கள் எனலாம்.

அதே சந்தையில் மற்றப் பக்கமும் விற்பனையானது. 1630களின் தொடக்கத்தில் கிறிஸ்பைன் டெ பாஸ் என்ற இளையவர் ஐரோப்பிய நகரங்களின் தாசியரின் முகங்களைப் படத்தொகுதியாக வெளியிட்டார். நல்லவளுக்கு ஒரு புத்தகம், கெட்டவளுக்கு ஒரு புத்தகம். இரண்டையும் செதுக்கியவை ஒரே வகையான உளிகள். இரண்டையும் வாங்கியவர்களும் பெரும்பாலும் ஒரே கனவான்களே என்று ஊகிப்பதில் தவறிருக்காது.

இந்தப் பிரிவினை காகிதத்தோடு நிற்கவில்லை. 1597இல் அம்ஸ்டர்டாம் நகரசபை 'நூற்பு இல்லம்' என்ற பெண்கள் திருத்தச் சிறையை நிறுவியது. வழி தவறியவர்கள் என்று கருதப்பட்ட பெண்கள் அங்கே அடைக்கப்பட்டு நூல் நூற்கவும் தைக்கவும் வைக்கப்பட்டனர். நகருக்கு வரும் பயணிகள் கட்டணம் செலுத்தி உள்ளே சென்று அப்பெண்களைப் பார்க்கலாம். ஒழுக்கம் கற்பிக்கும் இடமே காட்சிச்சாலையாகவும் இருந்தது.

காலுறைப் பட்டியின் தழும்பு

இந்தச் சூழலில் 1631ஆம் ஆண்டளவில், 25 வயதைத் தொட்டிருந்த றெம்பிராண்ட் மண்மேடொன்றில் அமர்ந்திருக்கும் நிர்வாணப் பெண்ணொருத்தியைச் செப்பில் வரைந்தார். அவள் தேவதை அல்லள்; புராணப் பாத்திரம் என்று கொள்ளவும் அடையாளம் எதுவும் இல்லை. வயிறு தொய்ந்திருக்கிறது. தோல் மடிந்திருக்கிறது. பார்ப்பவரை அவள் நேராகப் பார்க்கிறாள். இப்படம் விரைவிலேயே பரவியிருக்க வேண்டும். ஏனெனில் 1635இலேயே பொஹிமியச் செதுக்குநர் வென்ஸ்லஸ் ஹொலர் அதனைப் பிரதிசெய்து தானும் ஒரு தகடு தயாரித்துவிட்டார்.

றெம்பிராண்ட் இறந்து 12 ஆண்டுகள் கழிந்த நிலையில், 1681இல், அந்திரீஸ் பெல்ஸ் என்ற கவிஞர் நாடகக்கலை பற்றிய செய்யுள் நூலொன்றில் அவர்மீது வழக்குத் தொடுத்தார். கிரேக்க வீனஸை முன்மாதிரியாகக் கொள்ளாமல் சலவைக்காரியையும் கொட்டிலில் எரிகரி மண் மிதிப்பவளையும் நிறுத்திவைத்து வரைந்தார் என்பது குற்றச்சாட்டு. தொய்ந்த மார்பும், கச்சைக் கயிறு வயிற்றில் பதித்த தடமும், காலுறைப் பட்டி காலில் விட்ட தழும்பும்கூட விடாமல் வரையப்பட்டன என்று அவர் அருவருப்புடன் பட்டியலிட்டார். ஏறத்தாழ இந்த மண்மேட்டுப் பெண்ணை எதிரே வைத்துக்கொண்டு எழுதியது போலவே அப்பட்டியல் இருக்கிறது.

பெல்ஸின் கோபம் பெண்ணை நிர்வாணமாக வரைந்ததற்காக அன்று என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். வீனஸாக வரைந்திருந்தால் அவருக்கு ஆட்சேபம் இருந்திராது. பட்டியின் தழும்பு இருக்கிறது என்றால் இந்தப் பெண் சற்று முன்னர் உடையுடன் இருந்தாள், பிறகு அதனைக் களைந்தாள், படம் முடிந்ததும் மீண்டும் உடுத்திக்கொண்டு வேலைக்குப் போவாள் என்று பொருள். அதாவது அவள் ஒரு மனுஷி. அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. நண்பரின் மனைவி கேட்ட கேள்வியில் இரக்கம் இருந்தது. பெல்ஸ் கேட்டதும் அதே கேள்விதான். ஆனால் அதில் வெறுப்பு இருந்தது.

இதற்காக றெம்பிராண்டைப் பெண்களின் நண்பர் என்று தூக்கிப் பிடிக்கும் எண்ணம் எனக்கில்லை. 1634இல் அவர் செய்த 'யோசேப்பும் போத்திபாரின் மனைவியும்' என்ற சிறிய படத்தை எடுத்துக்கொள்வோம். ஆதியாகமத்தின் 39ஆம் அதிகாரக் கதை. எசமானின் மனைவி படுக்கையில் முறுகிக் கிடந்தவாறு யோசேப்பின் அங்கியைப் பற்றி இழுக்கிறாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு அவன் விலக முயல்கிறான். அவன் பக்கம் வெளிச்சம். படுக்கையின் பக்கம் இருள். அவளது இடுப்புக்குக் கீழே ஆடையில்லை. ஆடவனின் கற்பைப் போதிக்கும் படம் என்ற பெயரில், அந்த ஆடவன் பார்க்க மறுத்ததை வாங்குபவர் முழுமையாகப் பார்த்துக்கொள்ளலாம். வேதக்கதை என்ற போர்வை இருந்தால் எதையும் விற்கலாம் என்பதை அக்கால அச்சகத்தார் நன்கு அறிந்திருந்தனர்.

1646இல் வந்த 'கட்டில்' என்ற படத்தில் அந்தப் போர்வையும் இல்லை. திரைச்சீலைக் கட்டிலில் ஓர் ஆணும் பெண்ணும் கூடியிருக்கிறார்கள். கட்டில் காலில் அவனது தொப்பி மாட்டப்பட்டிருக்கிறது. கதையில்லை, நீதியில்லை, தண்டனையுமில்லை. பெண்ணின் முகத்தில் அமைதியான மகிழ்ச்சி தெரிகிறது. உற்றுப் பார்த்தால் அவளுக்கு மூன்று கைகள் இருப்பதைக் காணலாம். கையின் நிலையை மாற்றி வரைந்த றெம்பிராண்ட் முதலில் வரைந்த கையை அழிக்கவில்லை. இன்பம் துய்க்கும் பெண்ணைக் குற்றவாளியாகக் காட்டாத அக்காலப் படங்கள் மிக அரிது.

இரு பெண்களும் இரு மன்றங்களும்

படத்தில் இப்படியென்றால் வீட்டில் எப்படி? றெம்பிராண்டின் மனைவி சஸ்கியா 1642இல் இறந்தார். மறுமணம் செய்தால் அவரது சொத்தின்மீதான அனுபவ உரிமையைக் கணவர் இழக்க நேரிடும் வகையில் மரணசாசனம் அமைந்திருந்தது. குழந்தை தீத்துஸைப் பராமரிக்க வந்த கேர்ட்யே டிர்க்ஸ் என்ற விதவை றெம்பிராண்டின் துணைவியானார். பின்னர் உறவு முறிந்தது. திருமண வாக்குறுதியை மீறினார் என்று கேர்ட்யே 1649இல் முறைப்பாடு செய்தார். மன்றம் ஆண்டுக்கு 200 கில்டர் ஜீவனாம்சம் வழங்கும்படி தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டே கேர்ட்யேக்கு எதிராகச் சாட்சியங்கள் திரட்டப்பட்டு, அவர் கௌடா நகரின் நூற்பு இல்லத்தில் அடைக்கப்பட்டார். அதற்கு முன்னின்றவர்களில் ஒருவர் றெம்பிராண்ட். செலவுக்குப் பணமும் கொடுத்தார். 1655இல்தான் கேர்ட்யே வெளியே வந்தார். காலுறைப் பட்டியின் தழும்பை மறைக்காமல் வரைந்த அதே கைதான் இந்தப் பணத்தையும் எண்ணிக் கொடுத்தது.

கேர்ட்யேயின் இடத்துக்கு வந்தவர் ஹென்றிக்யே ஸ்டொபெல்ஸ். அவர் கருவுற்றிருந்த வேளையில், 1654இல், சீர்திருத்தத் திருச்சபையின் சபையார் அவரை விசாரணைக்கு அழைத்தனர். பலமுறை அழைக்கப்பட்ட பின்னர் யூலை மாதத்தில் சபை முன் தோன்றிய ஹென்றிக்யே, ஓவியருடன் மணமின்றி வாழ்வதை ஒப்புக்கொண்டார். அவரது குற்றம் வேசித்தனம் என்று ஏட்டில் பதிவாயிற்று. திருவிருந்தில் பங்குபற்ற அவருக்குத் தடை விதிக்கப்பட்டது. றெம்பிராண்ட் அச்சபையின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட அங்கத்தவராக இருக்கவில்லையாதலால் தண்டனை எதுவும் அவருக்கு இல்லை. அவ்வாண்டு ஒக்ரோபர் மாதம் அவர்களின் மகள் கொர்னேலியாவுக்கு ஞானஸ்நானம் அளிக்கப்பட்டது.

அப்படங்களுக்காக எந்தச் சபையும் அவரை அழைத்து விசாரித்ததாகத் தெரியவில்லை. அவருடன் வாழ்ந்த பெண் அழைக்கப்பட்டார்.

இந்த இடத்தில்தான் எனது சம்பவத்தைச் சொல்லவேண்டும்.

1990களில் நான் உதவி ஆசிரியராகப் பணியாற்றிய நாட்களில், ஒரு தங்குவிடுதியில் பொலிஸார் நடத்திய சோதனை பற்றிய செய்தியும் புகைப்படமும் எமது மேசைக்கு வந்தன. பெண்கள் சிலர் வாகனத்தில் ஏற்றப்படுகிறார்கள். எல்லோரும் துணியால் முகத்தை மூடியிருந்தனர். ஒருவரின் துணி மட்டும் விலகியிருந்தது. விடுதியிலிருந்த ஆண்களின் பெயர்கள் செய்தியில் இல்லை. அதைப் பற்றி நானும் கேட்கவில்லை. சமூகச் சீர்கேட்டை அம்பலப்படுத்துகிறோம் என்ற நம்பிக்கையோடு அந்தப் படத்தைத் தெரிவு செய்தவனும் படவிளக்கம் எழுதியவனும் நான்தான். சில நாட்களின் பின்னர் முதியவர் ஒருவர் அலுவலக வாசலுக்கு வந்தார். முகம் தெரிந்த பெண்ணின் தகப்பன். அவர் சத்தம் போடவில்லை. "தம்பி, வித்த பேப்பர் எல்லாத்தையும் திருப்பி வாங்கேலாதோ?" என்று மட்டும் கேட்டார். என்னிடம் பதில் இருக்கவில்லை. பின்னர் அந்தப் பெண்ணை நீதிமன்றம் விடுவித்தது. அச்செய்தி உட்பக்கத்தில் நான்கு வரிகளில் வெளியாகியது. அதில் படம் இல்லை.

அச்சு என்பது திருப்பி வாங்க முடியாத பொருள். 1524இல் றோமில் தகடுகளை அழித்தார்கள். ஆனாலும் படங்கள் பிரதிகளாகப் பிழைத்தன. இன்று கைத்தொலைபேசியில் ஒரு பெண்ணின் படத்தைப் பகிர்பவருக்கு அமிலமும் தேவையில்லை, அழுத்தியும் தேவையில்லை. முதியவரின் கேள்விக்குரிய பதில் முன்னரைவிடக் கடினமாகிவிட்டது.

முதுகு காட்டும் பெண்

அக்காலத்தில் பெண்களைப் பெண்ணே வரைந்த உதாரணங்களும் உண்டு. அம்ஸ்டர்டாமில் 1625இல் பிறந்த கெர்ட்ராய்ட் றொக்மன் செதுக்குநர் குடும்பமொன்றைச் சேர்ந்தவர். றெம்பிராண்டின் நண்பரான றூலண்ட் றொக்மனின் சகோதரி. 1640களின் இறுதியை ஒட்டி அவர் வீட்டு வேலை செய்யும் பெண்களைப் பற்றி 5 படங்கள் கொண்ட தொடரொன்றைச் செதுக்கினார். தைக்கிறார்கள், துணியை மடித்துச் சுருக்குகிறார்கள், நூற்கிறார்கள், சமைக்கிறார்கள், பாத்திரம் துலக்குகிறார்கள். கற்ஸின் நூலில் வரும் நல்ல மனைவியின் வேலைகள்தான் இவை. ஆனால் பாடம் சொல்லும் தொனி இங்கில்லை. பாத்திரம் துலக்குபவள் எமக்கு முழுமையாக முதுகைக் காட்டி நிற்கிறாள். அவள் அழகியா, நல்லவளா, கெட்டவளா என்று தீர்மானிக்க எமக்கு முகமே தரப்படவில்லை. பார்ப்பவருக்கு எதையும் கொடுக்க அவள் கடமைப்பட்டவள் அல்லள். அந்த முதுகை நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

1656இல் றெம்பிராண்ட் கடனில் மூழ்கினார். 1658இல் வீடு விற்கப்பட்டது. அதே ஆண்டில் அவர் செய்த படங்களில் ஒன்று, அடுப்பருகே அரை ஆடையுடன் அமர்ந்திருக்கும் பெண். தகட்டை மீண்டும் மீண்டும் திருத்தி 7 நிலைகளில் அச்சிட்டார். இறுதியில் அவள் தலையிலிருந்த தொப்பியை நீக்கினார். பின்னாலுள்ள அடுப்பின் பக்கத்தில் மகதலேனா மரியாளின் உருவம் சிறு புடைப்பாகத் தெரிகிறது. பாவத்துக்காக அழும் பெண்ணின் உருவம் அது. அமர்ந்திருப்பவளோ அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. குளிர்காய்கிறாள், ஏதோ நினைத்துக்கொண்டிருக்கிறாள். இளமையில் மண்மேட்டுப் பெண்ணை வரைந்தபோதிருந்த வேகம் இதில் இல்லை. ஹென்றிக்யேக்கு நேர்ந்ததைப் பார்த்த பிறகு அவரது ஊசி மாறியதா என்பதை நிரூபிக்க முடியாது. மாறியிருக்கும் என்று நம்புவது எனக்கு ஆறுதலாக இருக்கிறது, அவ்வளவுதான்.

அதே 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றினர். ஹென்றிக்யேயைத் தண்டித்த அதே சீர்திருத்தத் திருச்சபை பிலிப்புஸ் பால்டேயஸ் பாதிரியாரின் தலைமையில் எமது ஊர்களுக்குள் நுழைந்தது. மணங்களையும் ஞானஸ்நானங்களையும் ஏடுகளில் பதிந்தது. அச்சபைக்கு முன்பும் பின்பும் எமது பெண்களை விசாரித்த மன்றங்கள் எமக்கே உரியவையாக நிறைய இருந்தன என்பதால், பழியை ஒல்லாந்தர் தலையில் போட்டுத் தப்பிவிட எமக்கு வழியில்லை.

ஹென்றிக்யே 1663இல் இறந்தார். கடன்காரர்களிடமிருந்து றெம்பிராண்டைக் காப்பாற்றும் பொருட்டு, 1660இல் தீத்துஸுடன் கூட்டாக வணிகம் அமைத்து, அந்த முதிய ஓவியரைத் தமது ஊழியராக ஏற்றுக்கொண்டவர் அவரே. வேசி என்று ஏட்டில் பதிவான பெண்தான் அந்த வீட்டைக் கடைசிவரை தாங்கினார். யானை ஹன்ஸ்கன் 1655இல் புளோரன்ஸ் நகரில் வித்தை காட்டப் போன இடத்தில் இறந்தது; அதன் எலும்புக்கூடு இன்றும் அந்நகர அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

அருங்காட்சியகத்திலிருந்து திரும்பும் வழியில் நண்பரின் மனைவி தானாகவே சொன்னார்: "களைச்ச மாதிரித்தான் இருக்கிறா. ஆனா அண்ணை, அவவைப் பாக்கேக்க எங்கட அம்மாவைப் பாக்கிற மாதிரியும் இருக்கு."

நான் அவருக்கு முதியவரைப் பற்றிச் சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன்.